40 டாலர் பெய்ட்காஸ்டர் ரீல் தேறுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்து வீசும் கருவிதான் ரீல். வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே (ஸ்பூல்) சுற்றும் வகை பெய்ட்காஸ்டர். விலை குறைந்த பெய்ட்காஸ்டர் ரீல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "வாங்கிவிட்டேன், சிக்கு விழுகிறது." மீதிப் பேர் இன்னும் வாங்கவில்லை, கொடுத்து வைத்தவர்கள். நான் இருப்பது வடக்கு டெக்சாஸில். லேக் ஃபோர்க், லேக் லூயிஸ்வில் பக்கம் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு வீசி வீசிக் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் 40 டாலருக்கு ஒரு பெய்ட்காஸ்டர் கிடைக்கிறது. 200 டாலர் ரீலோடு வைத்துப் பார்த்தால் குப்பையா? வாங்கியதும் எப்படிச் சோதிப்பது? (பிளானோ வாசகர்)

குப்பை இல்லை. ஆனால் சோதிக்க ஏரிக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கே மீன் கடித்தால் ரீல் நல்லதாகத் தெரியும், கடிக்காவிட்டால் மோசமாகத் தெரியும்.

முதலில் வீட்டு மேசையில் பாருங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, காதருகே வைத்துக் கேளுங்கள். லேசான உராய்வுச் சத்தம் பரவாயில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் 'டக்' என்று தட்டினால் பல்சக்கரத்தில் குறை இருக்கிறது, அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி மாட்டுங்கள். நாலைந்து தடவை செய்தும் சரியாக உட்கார்ந்தால் நல்லது. நரம்பைச் சுற்றும்போது அது ஸ்பூலின் இரு ஓரம் வரை சமமாகப் படிகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மேடு விழுந்தால், பிறகு எவ்வளவு பழகினாலும் வீச்சு சீராக வராது.

அப்புறம் மைதானம். 12 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பு, அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம் எடையுள்ள கொக்கியில்லாத பயிற்சிக் குண்டு, ஒரு அளவுநாடா. பிரேக் அளவை மாற்றாமல் இருபது தடவை வீசி, ஒவ்வொரு தூரத்தையும் எழுதுங்கள். எல்லாவற்றிலும் நீளமான வீச்சைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், அது காற்றும் அதிர்ஷ்டமும் சேர்ந்து கொடுத்தது. பார்க்க வேண்டியது மீதிப் பத்தொன்பதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைத்தான். என் கையில் அரை அவுன்ஸுக்கு, விலை கூடிய ரீல் நாலைந்து கஜம் அதிகம் போனது, அவ்வளவுதான். லேசான லூரை (போலி இரையை) வீசும்போதும், இரண்டு சீசன் உழைத்த பிறகும்தான் விலை வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதனால் நூறு இருநூறு வீச்சுக்குப் பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். மலிவு ரீல் தன் சுயரூபத்தைக் காட்டுவது அப்போதுதான்.

கேள்வி: பெட்டியில் '12+1 பேரிங்' என்று போட்டிருக்கிறது. விலை கூடிய ரீலில் ஆறுதான். அப்படியானால் எது உசத்தி?

எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். வீசும்போது வேலை செய்வது ஸ்பூலைத் தாங்கும் இரண்டு, மூன்று பேரிங்குகள்தான். மற்றவை கைப்பிடிக் குமிழிலும் இங்கேயும் அங்கேயும் உட்கார்ந்திருப்பவை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் மூன்று பேர், மேற்பார்வை பார்ப்பவர்கள் ஒன்பது பேர் என்பது போலத்தான். அந்த '+1' எதிர்த்திசைச் சுழற்சியைத் தடுக்கும் ஒருவழி உருளை பேரிங். அது முக்கியமானது, கடைசியில் வருகிறேன்.

கேள்வி: எவ்வளவு இறுக்கி வைத்தாலும் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்கிறது. ரீல் கோளாறா, என் கோளாறா? (ஹூஸ்டன் வாசகி)

பெரும்பாலும் இரண்டும் இல்லை, செட்டிங் கோளாறு.

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியை வேகமாக விடுகிறீர்கள். வாளி தண்ணீரைத் தொட்டு நின்றுவிட்டது, ஆனால் ராட்டினம் இன்னும் சுற்றுகிறது. கயிறு என்ன ஆகும்? தொளதொளவென்று சரிந்து பின்னிக்கொள்ளும். பெய்ட்காஸ்டரில் நடப்பதும் அதுதான். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் சுற்றாது, நரம்பு சுருளாக வழிந்து போகும். இதில் ஸ்பூலே சுற்றுகிறது. லூர் புறப்பட்ட கணத்தில்தான் அதற்கு வேகம் அதிகம். பிறகு காற்று அதைத் தடுக்கிறது, ஆனால் ஸ்பூலைத் தடுக்க ஆளில்லை. அந்தக் காரியத்துக்கு மூன்று கருவிகள் இருக்கின்றன.

கைப்பிடிப் பக்கம் நட்சத்திரச் சக்கரத்தை ஒட்டி இருக்கும் சிறு குமிழ் ஸ்பூல் டென்ஷன். லூரைக் கட்டி, தூண்டில் கோலைச் சாய்வாகப் பிடித்து, கட்டைவிரல் பட்டனை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். லூரை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு ரீலைத் திட்டுகிறார்கள்.

அடுத்தது பிரேக். மலிவு ரீல்களில் பெரும்பாலும் காந்தப் பிரேக்தான் இருக்கும். அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் அருகே சுற்றும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அது ஸ்பூலையே பின்னுக்கு இழுக்கிறது. எதுவும் உரசுவதில்லை. இன்னொரு வகை மையவிலக்குப் பிரேக். அதில் சின்னச் சின்னக் கட்டைகள் சுழற்சி வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். வேகம் இரட்டித்தால் அதன் பிடி நான்கு மடங்காகும், வேகம் குறைந்ததும் விட்டுவிடும். காந்தம் கடைசி வரை கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் தூரம் சற்றுக் குறையலாம், ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அது நிம்மதி. டயலில் பத்து எண்கள் இருந்தால் எட்டில் தொடங்குங்கள். ஐம்பது வீச்சு சிக்கில்லாமல் போனால் ஒரு எண் குறையுங்கள்.

மூன்றாவது கருவி உங்கள் கட்டைவிரல். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் ஸ்பூலை அது அமுக்கி நிறுத்த வேண்டும். எந்த விலை ரீலும் இந்த வேலையை முழுதாகச் செய்துவிடாது. எதிர்க்காற்றில் வீசும்போது இன்னும் சீக்கிரமே விரலை வையுங்கள். இன்னொன்று, கோலை வெடுக்கென்று சாட்டை மாதிரி அடிக்காதீர்கள். தொடக்கத்திலேயே விழும் சிக்குக்கு அந்த வெடுக்குதான் காரணம்.

பழகும்வரை ஒரு தந்திரம்: நீங்கள் வீசக்கூடிய தூரத்துக்கு மேல் பத்துப் பதினைந்து கஜம் நரம்பை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மீதி இருப்பதன் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் நரம்பைத் திரும்பச் சுற்றுங்கள். சிக்கு அந்த டேப்பைத் தாண்டி உள்ளே போகாது. விழுந்த சிக்கை எடுக்கக் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை நாலு சுற்று சுற்றி, பிறகு நரம்பை இழுத்துப் பாருங்கள். பாதிச் சிக்குகள் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

பிரெய்டு (பின்னல்) நரம்பில் கற்றுக்கொள்ள வேண்டாம். அது மெலிது, அடி அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும்.

கேள்வி: 5.4:1, 6.3:1, 7.1:1 என்று மூன்று விகிதங்கள். ஒரே ரீல்தான் வாங்குவேன். எது?

7.1, அல்லது 6.3. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். விகிதம் என்பது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பதுதான். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 107. அதை 7.1-ஆல் பெருக்கினால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு சுமார் 76 சென்டிமீட்டர் நரம்பு வரும். 5.4 என்றால் 58. நரம்பு வெளியே போகப் போக விட்டம் குறையும், இந்த நீளமும் குறையும். ஆழத்தில் ஓடும் பெரிய கிராங்க்பெய்ட் லூரை நாள் முழுக்க இழுப்பவருக்கு மட்டும் 5.4 கைவலியை மிச்சப்படுத்தும். பிளாஸ்டிக் புழுவை அடியில் தட்டித் தட்டி இழுப்பவருக்கு, மீன் வாயில் வாங்கியதும் தொய்வை விரைந்து எடுக்க வேகமான ரீல் தேவை.

கேள்வி: 'அதிகபட்ச டிராக் 18 பவுண்டு' என்று விளம்பரம். நம்பலாமா? அவ்வளவு வேண்டுமா?

டிராக் என்பது, மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ஸ்பூல் வழுக்கி நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் பிடி. டெக்சாஸ் மாநிலத்தின் லார்ஜ்மவுத் சாதனை மீன், 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் பிடிபட்டது, 18.18 பவுண்டு. உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்குச் சமமான மீனைப் பிடித்தார். நீங்களும் நானும் பிடிக்கப்போவது இரண்டு பவுண்டு. 12 பவுண்டு நரம்பில் மூன்று, நான்கு பவுண்டு டிராக்கே போதும். பிரெய்டு கட்டி, பாசிக்கு நடுவே தவளை லூர் வீசுபவர்கள்தான் டிராக்கை இறுக்கிப் பூட்டுவார்கள்.

ஆனாலும் சோதியுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அது போதும். நரம்பைத் தராசுக் கொக்கியில் கட்டி, கோலை நேராக நீட்டி, டிராக் வழுக்கும் வரை ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். நான் வாங்கிய ஒரு ரீலின் பெட்டியில் 18 என்று இருந்தது, எவ்வளவு இறுக்கியும் ஒன்பதிலேயே வழுக்கியது. அதைக்கூட மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது, அது வழுக்கத் தொடங்கிய விதம். சும்மா ஒட்டிக்கொண்டிருந்து, திடீரென்று விட்டது. கரையோரம் வந்த மீன் கடைசியாக ஒரு உதறு உதறும்போது நரம்பு அறுவது இந்த ஒட்டலால்தான். குறைந்த டிராக்கானாலும் வழுக்கென்று தொடங்குகிறதா என்று பாருங்கள். கார்பன் வில்லைகள் உள்ள ரீல்களில் அது பொதுவாக நன்றாக இருக்கும்.

கேள்வி: 5 கிராம் லூரை இதில் வீசலாமா?

வீசலாம், அழுகை வரும். லேசான லூரால் கனமான ஸ்பூலைச் சட்டென்று சுழற்றிவிட முடியாது, மலிவு ரீலில் ஸ்பூல் கனம்தான். 10 கிராமுக்கு மேல் இதில் வீசுங்கள், 7-க்குக் கீழே ஸ்பின்னிங் ரீலை எடுங்கள். இடைப்பட்ட எடைகளுக்கு நரம்பைப் பாதி அளவே சுற்றிப் பாருங்கள், ஸ்பூலின் மொத்தப் பாரம் குறைந்து கொஞ்சம் உயிர் வரும்.

கேள்வி: வலது கைக்காரன் நான். கைப்பிடி இடப்பக்கமா, வலப்பக்கமா?

ஸ்பின்னிங்கில் இடது கையால் சுற்றிப் பழகியவர் என்றால் இடப்பக்கமே வாங்குங்கள். பழைய அமெரிக்கர்கள் வலது கையால் வீசி, கோலை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சுற்றுவார்கள். அவர்களுக்கு அது பழகிவிட்டது, நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?

கேள்வி: பாஸ் என்பது நம் ஊர்க் கொடுவாதானே? இந்த ரீலைப் பழவேற்காட்டுக்குக் கொண்டு போகலாமா? (சென்னை வாசகர்)

இல்லை. கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் 'சீபாஸ்' என்ற பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். கொடுவா வேறு குடும்பம், உப்புத் தண்ணீரிலும் கழிமுகத்திலும் திரிவது, ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் பிடிக்கும் பீகாக் பாஸ் இன்னொரு குடும்பம், நம் ஜிலேபியின் உறவு.

ரீல் வீசத் தாங்கும். உப்பைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. நன்னீருக்கென்று செய்த மலிவு ரீலின் பேரிங்குகள் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். குளத்து விராலுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கழிமுகத்துக்கு, கடல்நீருக்கு என்று குறிப்பிட்டே விற்கும் ரீலை வாங்குங்கள். இதையே கொண்டு போனால், அன்று இரவே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, டிராக்கைத் தளர்த்திக் காயவையுங்கள். குழாயை முழுவேகத்தில் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும்.

கேள்வி: எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மாதம் இரண்டு மூன்று முறை போகிறவர் என்றால் சீசனுக்கு ஓரிரு தடவை, ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு துளி. பல்சக்கரத்துக்குக் கிரீஸ். முன்னே சொன்ன அந்த '+1' உருளை பேரிங் பக்கம் மட்டும் கையை அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே எண்ணெயோ கிரீஸோ அதிகமானால் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். குளிர்காலக் காலையில் கொக்கி போட வெட்டி இழுத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும். என் முட்டி இரண்டு தடவை வாங்கியிருக்கிறது, இரண்டு தடவையும் தப்பு என்னுடையதுதான்.

கேள்வி: என் ஒன்பது வயது மகளும் பெய்ட்காஸ்டர் வேண்டும் என்கிறாள். லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் லைசென்ஸ் தேவையில்லை. உங்களுக்குத் தேவை, ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் உங்களுக்கும் வேண்டாம். பெய்ட்காஸ்டர் இப்போதைக்கு வேண்டாம், சிக்கெடுத்தே குழந்தைக்குப் பொழுது போய்விடும். மூடிய முகமுள்ள, பட்டனை அழுத்தி வீசும் ஸ்பின்காஸ்ட் ரீல் வாங்கிக் கொடுங்கள். அதைப் பெரிய அளவில் பரப்பிய ஜெப்கோ, ஓக்லஹோமாவின் டல்சாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்த 'ஜீரோ அவர் பாம் கம்பெனி'. 1949-இல் ரீல் செய்ய இறங்கினார்கள், பெயரும் அதிலிருந்து சுருங்கியதுதான். மகளிடம் சொல்லுங்கள், ரீலை விட இந்தக் கதை அவளுக்குப் பிடிக்கும். கொல்லைப்புறத்தில் ஒரு ஹூலா வளையத்தைப் போட்டு, கொக்கியில்லாத குண்டை அதற்குள் விழ வைக்கச் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு விழ ஆரம்பித்ததும் உங்கள் 40 டாலர் ரீலை அவள் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.