அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது

வணக்கம் மேடம்,

அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. வாழ்நாள் முழுக்க விவசாயம்தான். கடனில் இருந்த தாத்தாவின் நிலத்தை மீட்டு, என்னையும் தம்பியையும் படிக்கவைத்து, கடைசி வரை ஒரு அடி மண்ணைக்கூட விற்காமல் வைத்திருந்தார். நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்று உறவினர்கள் முடிவு செய்து, எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உட்கார்ந்தால் 'உழைப்பே உருவானவர், மண்ணை நேசித்தவர்' என்பதைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை. வேறு என்னென்னவோதான் ஞாபகம் வருகிறது. என் பள்ளி ஆண்டுவிழா எதற்கும் அவர் வந்ததில்லை. குடும்பமாக வெளியூர் கிளம்பலாம் என்றால், மாட்டை யார் பார்ப்பது என்பார். வேலை கிடைத்த செய்தியை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூரத்தில் மோட்டார் சத்தம் நின்றது, பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டார். ஊரே அவரைத் தெய்வமாகப் பேசும்போது எனக்கு மட்டும் கோபம் வருகிறது. அடுத்த நொடியே குற்ற உணர்ச்சி.

அம்மா இன்னமும் விடியும் முன்பே வயலுக்குப் போய்விடுகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி, நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்கிறான். நியாயம்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் அப்பாவை இன்னொரு முறை பறிகொடுப்பதுபோல் இருக்கிறது. நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

- பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மலருக்கு வேண்டியதில் பாதியை இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். 'மண்ணை நேசித்தவர்' என்று எந்த விவசாயியைப் பற்றியும் எழுதலாம். மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றதைக் காதில் வாங்கி எழுந்து போனவர் உங்கள் அப்பா.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இந்தக் கோபத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாட்டுக்கும் பயிருக்கும் லீவு கிடையாது. முக்கியமான கட்டத்தில் தண்ணீர் பாயாமல் போனால் அந்தப் பருவத்து உழைப்பே வீணாகலாம். வளர்ந்தபின் இதெல்லாம் புரிந்துவிடும். ஆனால் ஆண்டுவிழா மேடையில் நின்று கூட்டத்தில் அப்பாவைத் தேடிய சிறுமிக்கு, காரணம் புரிந்ததால் வருத்தம் போய்விடாது. உங்களுக்காக உழைத்தார், உங்கள் பக்கத்தில் இல்லை, இரண்டும் உண்மை. 'உங்களுக்காகத்தானே பாடுபட்டார்' என்று சொல்லி வாயை அடைப்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

துக்கம் ஐந்து கட்டங்களாக வரும், கோபம் அதில் ஒன்று என்று நீங்கள் படித்திருக்கலாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் சொன்ன அந்தக் கட்டங்கள், தாங்களே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்து வந்தவை. இழந்தவர்களுக்கான கால அட்டவணையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அதைவிடப் பயன்படுவது, 1996-இல் டென்னிஸ் கிளாஸ் என்ற துக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கருத்து: இறந்தவரோடு உறவு அறுந்துபோவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது. அப்படியென்றால் அப்பாவோடு இன்னும் சண்டை போடலாம். மலரை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். திட்டவேண்டுமென்றால் திட்டுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம். மனதில் உள்ளதைக் கொட்டிய பிறகு, அவரைப் பற்றி நல்லதாக எழுதுவது பொய்யாகத் தோன்றாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இழந்தவர்கள் ஒரு நேரம் இழப்பை நினைத்து உருகுவார்கள், இன்னொரு நேரம் அன்றாட வேலையில் இறங்குவார்கள். இப்படி மாறி மாறிப் போய்வருவது இயல்பு என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். அம்மாவுக்கு இரண்டும் ஒரே வயலில் நடக்கிறது. அங்கேதான் கணவர் இல்லாதது தெரியும், செய்யவேண்டிய வேலையும் அங்கேதான். தடுக்காதீர்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, மனிதர்களோடு பேசுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். முடிந்தால் ஒருநாள் கூடவே போய்வாருங்கள். அப்புறம் ஒன்று: அப்பாவை விவசாயி என்று எழுதினீர்கள், அம்மாவை அப்படி எழுதவில்லை. அந்த நிலம் கடைசி வரை நின்றதில் அவருடைய உழைப்பு எவ்வளவு இருந்திருக்கும்! மலரில் அதற்கும் இடம் வேண்டும்.

நிலம் பற்றிய முடிவை, வேறு அவசரம் இல்லையென்றால், நினைவு நாள் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். குத்தகை என்பது விற்பனை இல்லை. எத்தனை வருடம், என்ன பயிர், கிணறும் மரங்களும் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொண்டால் தம்பிக்கும் உங்களுக்கும் பின்னால் மனக்கசப்பு வராது. அப்பா காகிதத்தில் எழுதாமல் தலையில் வைத்திருந்த விஷயங்கள்தான் உண்மையில் கைவிட்டுப் போகக்கூடியவை. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வயல் முதலில் காயும், ஒரு பயிரை அவர் ஏன் நிறுத்தினார்... அம்மாவிடமும் அவரோடு வேலை செய்தவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். பேசச் சொல்லிப் போனில் பதிவு செய்தாலும் சரி. குத்தகைக்கு எடுப்பவருக்கும் உதவும், மலருக்கும் அதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. வயதுவந்தவர்களுக்கு ஒரு வருடம் கழிந்த பின்னும் அநேகமாகத் தினமும் தாங்கமுடியாத ஏக்கம் இருந்து, அன்றாட வாழ்க்கையே முடங்கினால், அதை நீடித்த துக்கம் என்ற கோளாறாக அமெரிக்க மனநல வகைப்பாடு 2022 முதல் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கால அளவு ஆறு மாதம். இதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் கடிதத்தில் அதன் அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு உங்களிடமோ அம்மாவிடமோ வந்தால், நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆண்டுவிழாவுக்கு வராததைப் போடலாமா என்று உறவினர்கள் யாராவது முகம் சுளிக்கலாம். அம்மா சரி என்றால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.