மோதி ஒட்டிக்கொள்ளும் துகள்கள்: கேள்வி பதில்

பட்டர்வொர்த் மாணவி: சார், நொடிக்கு 3 மீட்டரில் வரும் 2 கிலோ துகள், சும்மா நிற்கும் 1 கிலோ துகளோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு வேகம் எவ்வளவு?

முன்பு உந்தம், அதாவது நிறை × வேகம், 6. மோதலில் அது மாறாது. ஒட்டிய நிறை 3 கிலோ. ஆக வேகம் 2. எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்று முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள், அம்மா. எஸ்.டி.பி.எம். (மலேசிய உயர்நிலைப் பள்ளித் தேர்வு) பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

ஜெலுத்தோங் அன்பர்: இயக்க ஆற்றல் 9 ஜூலிலிருந்து 6 ஆகிறதே. ஆற்றல் அழியாமை விதி பொய்யா?

இல்லை. 3 ஜூல் வெப்பமாகவும் உருக்குலைவாகவும் துகளுக்குள் போயிற்று. மொத்த ஆற்றல் குறையவில்லை.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை: ஒரே கோட்டில் பல துகள்கள் இருந்தால் மோதல்களை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தலா 1 கிலோவில் மூன்று துகள்கள்: இடம் 0, 2, 6, வேகம் 3, 1, −1. (குறியைப் பாருங்கள்!) முதல் இரண்டும் 1 நொடியில் ஒட்டும், மூன்றாவது 5/3 நொடியில் சேரும். ஆனால் நிறைமையம் (நிறையைக் கணக்கில் கொண்ட சராசரி இடம்) மோதலைக் கவனிப்பதே இல்லை. 8/3-இல் கிளம்பி வேகம் 1-இல் போய், அதே 5/3 நொடியில் 13/3-இல் இருக்கும். கட்டி உருவாகும் இடமும் அதுவே.

யார் யார் ஒட்டியிருப்பார்கள் என்பதற்கும் சோதனை உண்டு. துகள்கள் மோதாமலே ஓடியதாக வைத்துக்கொண்டு, கூட்டத்தை எங்கே வெட்டினாலும், இடப்பக்க நிறைமையம் வலப்பக்க நிறைமையத்தைத் தொட்டோ தாண்டியோ இருக்க வேண்டும். மூன்றாவது துகளுக்கு முன் வெட்டுங்கள்: 5/3 நொடியில் இரு பக்கமும் 13/3. சேரும் கணமே அதுதான். வெய்னான் இ, ரைக்கோவ், சினாய் என்ற கணிதவியலாளர்கள் மூவரும் 1996-இல் இதைத் தொடர்ச்சியான நிறைப்பரவலுக்கும் விரித்து நிறுவினார்கள்.

செபராங் ஜெயா தம்பி: சார், ஆற்றல் எங்கே போகிறது?

ஜெலுத்தோங் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜெலுத்தோங் அன்பர்: விடமாட்டேன். நியூட்டன் இயக்கத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். இதை ஏன் முடியவில்லை?

நல்ல சண்டை, வாருங்கள். தலா 1 கிலோ, வேகம் 1, −1: மோதி நின்றுவிடும். 100, −100 என்றாலும் நின்றுவிடும். நிற்கும் கட்டியைப் பார்த்துப் பழைய வேகத்தைச் சொல்ல முடியுமா? அந்தச் செய்தி அணுக்களின் நடுக்கத்தில் இருக்கிறது. நம் கணித மாதிரி அதை எண்ணுவதில்லை.

தஞ்சோங் தொக்கோங் அக்கா: அப்படியானால் நிற்கும் கட்டி திடீரென்று 1, −1 என்று பிளந்தாலும் உந்தம் சரிதானே?

சரிதான்! அதனால்தான் நிறையும் உந்தமும் மட்டும் போதாது. இயக்க ஆற்றல் ஒருபோதும் அதிகரிக்காது, ஒட்டியது பிரியாது என்று தனியாக விதி வைக்கிறோம். அது இல்லாவிட்டால் ஒரே தொடக்கத்துக்குப் பல விடைகள் வரும். அன்பரே, காலத்துக்குத் திசை தருவதும் அந்த விதிதான்.

பாயான் லெப்பாஸ் மாணவர்: விண்மீன் மண்டலங்களுக்கும் இது பொருந்துமா?

சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் 1970-இல் தந்த மாதிரியில் பொருள் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடும். பின்னால் வந்தவர்கள் அதில் ஒட்டுதலைச் சேர்த்தார்கள். மேற்கொண்டு வானியலாரைக் கேளுங்கள்.

சுங்கை ஆரா மாணவி: ஒரே கோட்டில் இல்லாமல், இரு திசையுள்ள தளத்தில் துகள்கள் மோதினால்?

இரண்டு திசைக்கும் தனித்தனியே உந்தம் எழுதுங்கள், குறியோடு. வெட்டும் சோதனையை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்; தளத்தில் இடம் வலம் என்ற வரிசை கிடையாது.