கால்வாய்ப் படகு வாங்குகிறீர்களா? கரண்ட் கணக்கை டிசம்பருக்குப் போடுங்கள்

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் வேலை பார்க்கிறோம். வாடகை கட்டி மாளவில்லை. 57 அடி நீளப் பழைய நேரோபோட் (கால்வாய்களுக்கென்றே கட்டிய, வீடாகவும் வாழத்தக்க ஒடுங்கிய படகு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 110 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரி நான்கு, 300 வாட் சோலார், 3000 வாட் இன்வர்ட்டர் இருக்கிறது, வீட்டில் ஓடுவதெல்லாம் இதில் ஓடும் என்கிறார் விற்பவர். நிரந்தர இடம் எடுக்காமல் நகர்ந்துகொண்டே இருக்க நினைக்கிறோம். இருவருக்கும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. இந்தக் கரண்ட் போதுமா? மிக்ஸி, கிரைண்டர் போட முடியுமா?

பதில்: மிக்ஸியும் கிரைண்டரும் உங்கள் பிரச்சினையே இல்லை. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் 60 வாட்-மணிதான் செலவு. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரத்துக்கு 75. இன்வர்ட்டர், வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் 'ப்யூர் சைன் வேவ்' வகைதானா என்று மட்டும் பாருங்கள். மலிவான வகையில் மோட்டார் உறுமும், சூடேறும்.

கரண்டைத் தின்பவை சத்தமில்லாமல் நாள் முழுக்க ஓடுபவை. உங்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 வாட் வீதம் இரண்டு லேப்டாப் எட்டு மணி நேரத்துக்கு 800 வாட்-மணி. 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்குச் சுமார் 500. வைஃபை ரூட்டர் 10 வாட் என்றாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்கு 240. விளக்கு, தண்ணீர் பம்ப், போன், கொஞ்சம் டிவி எல்லாம் சேர்த்து 320. அப்புறம் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: இன்வர்ட்டரைச் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே 20 வாட் வரை போகும். அது ஒரு நாளைக்கு 480. மொத்தம் 2,340.

இப்போது இருப்பைப் பாருங்கள். 440 ஏ.எச்.சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 5,280 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 2,640. அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். அதாவது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நாள் கரண்ட். 3000 வாட் என்று விற்பவர் சொல்வது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கான எண். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் ஊரில் பவர்கட் காலத்தில் இன்வர்ட்டர் வாங்கியவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

செலவான கரண்ட் திரும்ப வர வேண்டுமே? படகுக் கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 300 வாட் சோலார், ஜூன் மாதத்தில் நல்ல வெயில் நாளில் 1,200 வாட்-மணியைத் தாண்டும். டிசம்பரில் அது 150 தந்தால் பெரிது. மரநிழலிலோ பாலத்தருகிலோ கட்டினால் அதுவும் இல்லை. மிச்சத்தை எஞ்சினை ஓட்டித்தான் ஏற்ற வேண்டும். எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் 100 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும், பேட்டரி நிரம்ப நிரம்ப அது வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். நடைமுறையில் தினம் நான்கு, ஐந்து மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் டீசல். இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் பேட்டரி ஒருநாளும் முழுசாக நிரம்பாது, தகடுகளில் உப்புப் படிந்து சீக்கிரமே செத்துப்போகும்.

இது உங்கள் செலவு மட்டுமல்ல. லண்டன் ரீஜென்ட்ஸ் கால்வாயில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருக்கும், கரையை ஒட்டிக் குடியிருப்புகள் இருக்கும். நீங்கள் தினம் ஐந்து மணி நேரம் எஞ்சின் ஓட்டினால் பக்கத்துப் படகில் இருப்பவரும் அந்தப் புகையையும் அதிர்வையும் ஐந்து மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சின்ன பேட்டரியோடு படகு வாங்குகிறவர் பாதிச் சுமையை அடுத்தவர் தலையில் வைக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே விலை பேசும்போதே பெரிய சோலாருக்கும் நல்ல பேட்டரிக்கும் ஆகும் தொகையைக் கழித்துப் பேசுங்கள். கூரையில் இடம் இருந்தால் 600 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள்.

படகைக் காலையில் போய்ப் பாருங்கள். முந்தைய இரவு முழுக்க எஞ்சினும் சார்ஜரும் ஓடாமல் இருக்கச் சொல்லுங்கள். சோலாரையும் துண்டித்து, கரண்ட் இழுக்கும் எதுவும் ஓடாதபோது மீட்டரில் 12.7 வோல்ட் காட்டினால் பேட்டரி நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி. வோல்ட் சரியாக இருந்தாலும் பழைய பேட்டரியின் கொள்ளளவு சுருங்கியிருக்கலாம், அதனால் தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள். கரையேற்றி அடிப்பகுதித் தகட்டின் தடிமனை அளக்கும் சர்வே இல்லாமல் முன்பணம் தாண்டி ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: படகுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது என்கிறார்கள். அது இருந்தால் மின்வசதியும் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாங்க வேண்டியது. தீ, வெடிப்பு, நச்சுவாயு போன்ற ஆபத்துகளுக்கான குறைந்தபட்சச் சோதனை அது. பேட்டரி எத்தனை நாள் வரும் என்றோ, அடித்தகடு அரித்திருக்கிறதா என்றோ அது சொல்லாது. 2019 ஏப்ரலிலிருந்து கார்பன் மோனாக்சைடு அலாரமும் அதில் கட்டாயம். சான்றிதழுக்காக அலாரத்தை மாட்டிவிட்டு அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்துப் படகின் எஞ்சின் புகைகூட உங்கள் ஜன்னல் வழியே உள்ளே வரும்.

கேள்வி: எத்தனை மணி வரை எஞ்சின் ஓட்டலாம்? பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா?

பதில்: இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் விதிப்படி, கட்டி நிற்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை மின்சாரத்துக்காக எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட்டக் கூடாது. அக்கம்பக்கத்தில் யாருமே இல்லாத இடம் என்றால் மட்டும் விலக்கு. ஆனால் காலை எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு எஞ்சினைத் தட்டுவதும் நியாயமில்லை. பக்கத்தில் கைக்குழந்தையோ இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரோ இருந்தால், எந்த நேரம் ஓட்டினால் வசதி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஜெனரேட்டரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படகுக்குள்ளோ மூடிய முன்தளத்திலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள், ஆள் செத்திருக்கிறார்கள். பெட்ரோலையும் படகுக்கு வெளியேதான் ஊற்ற வேண்டும்.

கரையோரப் படகோடு ஒட்டி இரட்டையாகக் கட்டும்போது உள்பக்கத்துப் படகின் முன்தளம் வழியாகத்தான் கரைக்கு இறங்க வேண்டியிருக்கும். மெதுவாக நடங்கள், இரும்புத் தளத்தில் ஒவ்வொரு அடியும் உள்ளே இடியாகக் கேட்கும். கட்டிய படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை ஐடிலுக்குக் குறைத்துவிடுங்கள். மணிக்கு 4 மைல் என்பது உச்ச வரம்பு. அந்த வேகத்தில் கடந்தால் அடுத்தவர் அடுப்பில் கொதிக்கும் சாம்பார் தரையில் கொட்டும்.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா?

பதில்: நகர்ந்துகொண்டே வாழ்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், கரண்டை வேகமாக உள்வாங்கும், எஞ்சின் நேரம் பாதிக்குக் கீழே வரும். ஆனால் நேரடியாக ஆல்டர்னேட்டரில் மாட்டினால் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகலாம். நடுவில், பேட்டரி இழுக்கும் கரண்டை மட்டுப்படுத்தும் டி.சி.-டு-டி.சி. சார்ஜர் வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகையை, பாதுகாப்புச் சர்க்யூட்டோடு, படகு வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் முதலில் தெரிவியுங்கள்.

கேள்வி: மரீனாவில் (படகுகளை நிறுத்திவைக்கும் கட்டணத் துறை) இடம் எடுத்துவிட்டோம். கரையில் பிளக் பாயிண்ட் உண்டு. இனிக் கவலை இல்லைதானே?

பதில்: இரண்டு விஷயம். பெரும்பாலும் அது 16 ஆம்ப் இணைப்பு, 3.6 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகும். இன்னொன்று, கரை வயரின் எர்த் வழியாக உங்கள் இரும்புப் படகு மற்ற படகுகளோடு மின்தொடர்பில் இருப்பதால் அடித்தகடு அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்புக் கரண்டைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் இல்லாமல் அந்த வயரைச் செருகாதீர்கள்.

யூனிட் விலையையும் எழுத்தில் கேளுங்கள். குடியிருப்புத் தேவைக்காக மின்சாரத்தை மறுவிற்பனை செய்பவர், தான் கொடுத்த யூனிட் விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் விதி. சந்தேகம் வந்தால் மரீனாவின் மின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.