89 ரிங்கிட் கண்ணாடி தேவையா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் என் கணவருக்காக 1,500 ரிங்கிட்டில் ஒரு திறன்பேசி வாங்கினேன். '9எச் யூவி கண்ணாடி' ஒட்டியே ஆக வேண்டும், விலை 89 ரிங்கிட், இல்லாவிட்டால் திரை ஒரு மாதம்கூடத் தாங்காது என்கிறார் கடைக்காரர். போனோடு ஒட்டி வந்த மெல்லிய தாளை உரித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். என் தம்பியோ, இப்போது எல்லாப் போனிலும் கொரில்லா கண்ணாடிதானே, எதுவும் ஒட்ட வேண்டாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, அந்தத் தாளை நீங்கள் இன்னும் உரிக்கவில்லை என்று நினைக்கிறேன். உரிக்காமல் இருந்தால் நல்லது. அது எந்தத் தாள் என்று முதலில் பாருங்கள். பெட்டிக்குள் உரசாமல் இருக்க ஒட்டும் தாளில் எழுத்தோ படமோ அச்சாகியிருக்கும், பிடித்து இழுக்க ஓரத்தில் ஒரு காதும் இருக்கும். உரித்துப் போட வேண்டியது அதை மட்டும்தான். எழுத்து எதுவும் இல்லாமல், திரையின் அளவுக்குச் சரியாக வெட்டி ஒட்டியிருந்தால் அது பயன்படுத்துவதற்காகவே தயாரிப்பாளர் ஒட்டி அனுப்பிய பாதுகாப்புப் படலம். சியோமி, ஓப்போ, விவோ, ரியல்மி ஆகியவற்றின் பல மாடல்கள் இந்தப் படலத்தோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. அதற்கான காசை நீங்கள் போன் விலையிலேயே கொடுத்துவிட்டீர்கள். நல்ல நிலையில் இருக்கும் படலத்தை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்றை விற்பது கடைகளின் பழைய வழக்கம். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே சர்ரென்று இழுத்துவிடுவார்கள்.

உங்கள் கணவர் வேலை செய்யும் இடத்தை வைத்துச் சொல்கிறேன்: கண்ணாடி ஒட்டுங்கள். ஆனால் 89 ரிங்கிட் கண்ணாடி வேண்டாம், யூவி வேண்டவே வேண்டாம். இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் சாதாரண டெம்பர்ட் கிளாஸ் போதும். மீதிப் பணத்தில் விளிம்பு உயர்ந்த நல்ல கேசிங் ஒன்று வாங்குங்கள். இதே கேள்வியை நாள் முழுக்க அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தால், ஒட்டி வந்த படலம் கிழியும்வரை பேசாமல் இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தம்பி சொல்வதில் பாதி சரி. இன்றைய போன் கண்ணாடி உண்மையிலேயே பலமானது. ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசிய உப்புக்குள் கண்ணாடியை முக்கி வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சிறிய சோடிய அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசிய அயனிகள் அந்த இடங்களில் வந்து உட்காருகின்றன. நிரம்பிய பேருந்தில் ஒல்லியானவர் எழுந்த இருக்கையில் பருமனானவர் உட்கார்ந்தால் வரிசையே இறுகிப்போகும் அல்லவா, அப்படித்தான் மேற்பரப்பு முழுவதும் இறுகிவிடுகிறது. அந்த இறுக்கத்தை மீறித்தான் விரிசல் உள்ளே போக வேண்டும். கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கண்ணாடி இந்த வகைதான்.

தம்பி விட்டுவிட்ட மறுபாதி மணல். பொருள்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் வைரம் 10. போன் கண்ணாடியில் 6 அளவிலேயே கீறல் தெரியத் தொடங்கும், 7-இல் ஆழமாக விழும். வீட்டுச் சாவியும் சில்லறைக் காசும் பொதுவாக 6-க்குக் கீழே இருப்பவை. சாவி பட்டுக் கீறிவிடும் என்று பயப்படுகிறோமே, அதில் பெரிய அர்த்தமில்லை. குவார்ட்ஸ் 7. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். பினாங்குத் தீவே கருங்கல் மலை. அந்தக் கல் தேய்ந்து உதிர்ந்தால் மிஞ்சுவது குவார்ட்ஸ் மணல். பத்து ஃபிரிங்கி கடற்கரையிலும் அதுதான், உங்கள் கணவர் தினமும் நிற்கும் சிமெண்டுக் கலவைப் பக்கத்திலும் அதுதான். சட்டைப் பையில் நாலு மணல் துகள், அதே பையில் போன், அவர் குனிந்து நிமிர்ந்தால் போதும்.

கீறலை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணாடி உடையும்போது விரிசல் புறப்படுவது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு கீறலிலிருந்துதான். ஆறு மாதம் மணலில் உரசிய திரையும் புதுத் திரையும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால், முதலில் போவது உரசிய திரை. இதனால்தான் உங்களுக்குக் கண்ணாடி ஒட்டச் சொல்கிறேன். மேலே ஒட்டிய கண்ணாடி அந்தக் கீறல்களை எல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். கீறல் நிறைந்ததும் உரித்துவிட்டு இன்னொன்று ஒட்டலாம்.

விழும்போது காப்பாற்றும் என்று மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தட்டையான தரையில் முகங்குப்புற விழுந்தால் ஓரளவு உதவும். ஆனால் போன் அதிகமாக விழுவது மூலையில். ஒட்டிய கண்ணாடி மூலைவரை போவதே இல்லை, விளிம்புக்குச் சற்று உள்ளேயே நின்றுவிடும். அங்கே அடியைத் தாங்குவது கேசிங்தான். திரையைவிடக் கேசிங்கின் விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். கடையிலேயே போனைக் கேசிங்கோடு மேசையில் கவிழ்த்து வைத்து, கீழே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் வாங்கலாம்.

இதையெல்லாம் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டிய நிலைக்கு நம்மைத் தள்ளியது தயாரிப்பாளர்கள். மேல் கண்ணாடியையும் அதற்கடியில் படம் காட்டும் பலகத்தையும் பசை போட்டு ஒன்றாக்கிவிட்டார்கள். மேலே ஒரு விரிசல் விழுந்தாலும் பெரும்பாலும் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டும். ஓலெட் திரை என்றால் போன் விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். நிறுவனத்தின் சாதாரண உத்தரவாதமோ உடைந்த திரையை ஏற்காது. கண்ணாடியைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி வடிவமைத்திருந்தால் இன்று பாதிக் கடைகளுக்கு இந்த வியாபாரமே இருக்காது.

அடுத்து அந்த '9எச்'. மோஸ் அளவுகோலில் 9 என்றால் நீலக்கல், மாணிக்கம் ரகம். கடைக்காரர் உங்களை நினைக்க வைப்பது அதைத்தான். அட்டையில் இருக்கும் 9எச் பென்சிலின் அளவு. பள்ளிக்கூடத்தில் எச்பி, 2பி என்று பென்சில் வாங்கினோம் அல்லவா, அதே வரிசை. வண்ணப்பூச்சுகளைச் சோதிப்பதற்காக வந்த முறை இது. பென்சிலை 45 டிகிரி சாய்த்து அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் மிகக் கடினமான 9எச் பென்சிலும் கீறவில்லை என்பதுதான் சான்று. பென்சில் கரி எந்தக் கண்ணாடியைத்தான் கீறும்? உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகூட இதில் தேறிவிடும். 5 ரிங்கிட் கண்ணாடியிலும் 9எச், 89 ரிங்கிட் கண்ணாடியிலும் 9எச். இப்படி அச்சடித்து விற்பதை யாராவது தட்டிக் கேட்க வேண்டாமா?

'கதிர்வீச்சைத் தடுக்கும்' என்று எழுதியிருந்தால் கையில் எடுக்கவே வேண்டாம். உண்மையிலேயே தடுத்தால் உங்களுக்கு அழைப்பே வராது. நீல ஒளியைக் குறைக்க வேண்டுமென்றால் போனின் அமைப்புகளிலேயே அந்த வசதி இலவசமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாத 'பிரைவசி' கண்ணாடி வேலை செய்யும்தான், ஆனால் திரை மங்கும். வெயிலில் நிற்கும் உங்கள் கணவருக்கு அது தொல்லை.

யூவி கண்ணாடியில் என் கோபம் அதிகம். திரைமேல் திரவப் பசையை ஊற்றி, கண்ணாடியை வைத்து, புற ஊதா விளக்கில் காய வைக்கிறார்கள். ஓரம் வளைந்த திரைகளுக்காக வந்த முறை. தட்டைத் திரையில் அதற்கு வேலையே இல்லை. ஊற்றும் பசை கொஞ்சம் அதிகமானாலும் காது வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கியிலும் பக்கத்துப் பொத்தான்களிலும் இறங்கி அங்கேயே இறுகிவிடும். நேற்றுவரை நன்றாகக் கேட்ட போனில் இன்று குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று என் பணிமனைக்குக் கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் வலை முழுக்கக் காய்ந்த பசை. சேவை மையம் அதை உத்தரவாதத்தில் ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். ஒட்டிய கடையோ, போனே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடும்.

'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற வலையும் உண்டு. கண்ணாடி இலவசம், ஒட்டுக்கூலிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பணம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தக் கூலிக்கு வெளியே புதுக் கண்ணாடியே வாங்கலாம். அதனால் காசு கொடுக்கும் முன், அடுத்த முறை வந்தால் மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மலிவுக் கண்ணாடி சிக்கலாகும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் வங்கிக் கணக்கோடு சம்பந்தப்பட்டது. போனின் கைரேகை உணரி பக்கத்துப் பொத்தானிலோ பின்புறத்திலோ இருந்தால் கவலை இல்லை. திரைக்கு அடியில் இருந்தால் அது இரண்டு வகை. விரல் வைத்ததும் அந்த இடம் பளிச்சென்று ஒளிர்ந்தால், வெளிச்சத்தால் ரேகையைப் படம்பிடிக்கும் வகை. சாம்சுங்கின் ஏ வரிசையில் திரைக்கடியில் உணரி உள்ள மாடல்கள் அப்படி. தெளிவான கண்ணாடி வழியாக அது பெரும்பாலும் வேலை செய்யும். ஒளிராமலே திறந்தால், காதுக்குக் கேட்காத ஒலி அலைகளால் ரேகையை அறியும் மீயொலி வகையாக இருக்கலாம். 2019-இல் வந்த எஸ்10 முதல் சாம்சுங்கின் எஸ் வரிசை முதன்மை மாடல்களில் இருப்பது இது. மீயொலி காற்று இடைவெளியைத் தாண்டாது. ஓரத்தில் மட்டும் பசை உள்ள கண்ணாடியில் நடுவே காற்று நிற்பதால், விரலை எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது.

திறக்காமல் போனால் எரிச்சல், அவ்வளவுதான். யார் விரலுக்கும் திறந்துவிட்டால்? 2019 அக்டோபரில் அதுவே நடந்தது. எஸ்10 போன்களில் சில சிலிகோன் உறைகளைத் திரைமேல் போட்டபோது, பதிவு செய்யாத விரலுக்கும் போன் திறந்தது. உறையின் உள்பக்க வடிவத்தையே உணரி ரேகையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று சாம்சுங் ஒப்புக்கொண்டு, மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அந்தப் பிழை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் அதன் பிறகு நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: எது ஒட்டினாலும், பழைய கைரேகைப் பதிவுகளை அழித்துவிட்டு, ஒட்டிய பிறகு புதிதாகப் பதியுங்கள். முடித்ததும் வீட்டில் இன்னொருவர் விரலை வைத்துப் பாருங்கள். டச் அண்ட் கோ மின்பணப்பையும் வங்கிச் செயலியும் அதே விரலுக்குத்தான் திறக்கின்றன. கண்ணாடி வாங்கும்போது முழுப்பசை உள்ளதாகவும், உங்கள் மாடல் பெயர் அட்டையில் இருப்பதாகவும் பார்த்து எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

ஒட்டும்போது கடைக்காரர் போனைக் கெடுத்துவிட்டால் சும்மா வந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். ட்ரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்ற பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் புகார் கொடுக்கலாம். ஆனால் 89 ரிங்கிட்டுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் போய் நிற்பது? கடைகளும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தைரியமாக இருக்கின்றன. சிறு தொகைகளுக்கு விரைவாகத் தீர்வு தரும் வழி வராதவரை ரசீதுதான் உங்கள் கவசம்.

சரி, ஒட்டுவதை நீங்களே வீட்டில் செய்யலாம். கடைக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. கண்ணாடி ஒட்டுவதென்றால் மட்டும் பழைய படலத்தை உரியுங்கள். படலத்தின் மேலேயே ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் தூசு வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கும். பெட்டியில் வரும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு ஒட்டுநாடாவால் மிச்சத் தூசை எடுங்கள். கேசிங்கை முதலில் மாட்டிக்கொண்டு ஒட்டினால் கண்ணாடி கேசிங்கில் இடித்துத் தூக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். திரையில் ஏற்கெனவே கீறல் இருந்தால் பற்பசை தேய்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பற்பசை உரசும் பொருள், விரல்தடம் படியாமல் இருக்கப் பூசிய பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

உங்கள் கணவர் தளத்திலிருந்து வந்ததும் கேசிங்கைக் கழற்றி மணலைத் தட்டிவிடச் சொல்லுங்கள். கேசிங்குக்கும் போனுக்கும் நடுவில் சிக்கிய மணல் பின்புறத்தையும் கேமராவைச் சுற்றியும் அராவும். ஒட்டிய கண்ணாடியில் விரிசல் வந்தால் 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்று விடாமல் அன்றே மாற்றுங்கள், அந்தச் சில்லுகள் விரலைக் கிழிக்கும். இணையத்தில் இரண்டு கண்ணாடி உள்ள பெட்டியாக வாங்கி வைத்தால் மாற்றுவதற்குக் கையிலேயே இருக்கும்.