நியூயார்க் மாஃபியா ஏன் கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டது?

1980களில் நியூயார்க் கட்டுமானத் தொழிலை மாஃபியா துப்பாக்கி முனையில்தான் கைக்குள் வைத்திருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் துப்பாக்கிக்கு வேலையே வரவில்லை. தொழிற்சங்கம் அவர்கள் பிடியில் இருந்தது, கான்கிரீட்டோ காத்திருக்காத சரக்கு.

செங்கலும் கம்பியும் ஒரு வாரம் சும்மா கிடந்தாலும் கெடாது. ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் அப்படியில்லை. தண்ணீர் கலந்ததிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், டிரம்முக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தளம் பாதியில் நின்றால் இன்னும் மோசம்: நேற்றுப் போட்டதும் இன்று போடுவதும் சரியாக ஒட்டாது, சேரும் இடம் பலவீனமாகிவிடும். மன்ஹாட்டனில் இரண்டு நாளுக்கு ஒரு தளம்கூட ஏற்றுவார்கள். ஒரு நாள் வேலை நின்றாலும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த ஆட்களை அனுப்பவும் நிறுத்தவும் முடிந்தவர் ரால்ஃப் ஸ்கோபோ. சிமென்ட், கான்கிரீட் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டக் கவுன்சில் தலைவர். கூடவே, ‘குடும்பங்கள்’ எனப்படும் நியூயார்க்கின் ஐந்து மாஃபியா குழுக்களில் ஒன்றான கொலம்போவின் ஆள்.

இந்தப் பிடியை வைத்து மாஃபியா நடத்திய ஏற்பாட்டுக்கு ‘கிளப்’ என்று பெயர். கான்கிரீட் வேலை மட்டும் 20 லட்சம் டாலரைத் தாண்டினால், அது எந்த நிறுவனத்துக்கு என்பதை ஜெனோவீஸ், காம்பினோ, லூக்கேஸி, கொலம்போ ஆகிய நான்கு குடும்பங்கள் முடிவு செய்தன. ஐந்தாவதான பொனானோவுக்குப் பங்கு கிடையாது. குறைந்தது ஏழு நிறுவனங்கள் உள்ளே இருந்தன. யாருடைய முறையோ அவர் விலையை ஏற்றிப் போடுவார், மற்றவர்கள் அதைவிட ஏற்றிப் போடுவார்கள். பார்ப்பவருக்கு ஒழுங்காக டெண்டர் நடந்த மாதிரி இருக்கும். ஒப்பந்தத் தொகையில் 2 சதவீதம் குடும்பங்களுக்கு, அதாவது 1 கோடி டாலர் வேலைக்கு 2 லட்சம்.

எல்லோரும் இந்த 2 சதவீதத்தையே பேசுகிறார்கள். என் கணிப்பில் பெரிய கொள்ளை டெண்டரில்தான் நடந்தது, போட்டியே இல்லாமல் ஏறிய விலை கட்டடம் கட்டுபவர் தலையில் விழுந்தது. ஒப்பந்ததாரர்களை அப்பாவிகள் என்று எழுதுவதையும் ஏற்க முடியாது. முறை நிச்சயம், வேலைநிறுத்தம் இல்லை, புதிய போட்டியாளர் இல்லை என்றால் பலருக்கு அது லாபக் கணக்குதான். தொழிலாளியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போராடிப் பெற்ற வேலைநிறுத்த உரிமையை அவருடைய தலைவரே மாமூல் வாங்கப் பயன்படுத்தினார். இதில் எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

குற்றக் கும்பல்களை ஒடுக்க 1970இல் அமெரிக்காவில் வந்த ரிக்கோ சட்டம் இதற்கு முடிவு கட்டியது. முன்பெல்லாம் ஒவ்வொரு குற்றத்தையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், உத்தரவு போட்டவர் தப்பிவிடுவார். ரிக்கோவில், சட்டம் பட்டியலிட்ட குற்றங்களில் குறைந்தது இரண்டு, பத்தாண்டுக்குள் ஓர் அமைப்பின் வழியாக நடந்ததென்று காட்டினால் தலைமையையே கூண்டில் ஏற்றலாம். அதற்குச் சாட்சியம் வேண்டுமே! ஸ்கோபோவின் காருக்குள் எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்புக் கருவி வைத்தது. கிழக்கு ஹார்லெமில் ஜெனோவீஸ் ஆட்கள் கூடிய பால்மா பாய்ஸ் மன்றத்திலும், ஸ்டேட்டன் தீவில் காம்பினோ தலைவர் பால் காஸ்டெலானோவின் வீட்டிலும் அதே வேலை நடந்தது.

குடும்பத் தலைவர்கள் மீது ரிக்கோவில் போட்ட வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, 1985 டிசம்பர் 16 அன்று காஸ்டெலானோ சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 நவம்பர் 19 அன்று எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் ஏழு பேருக்குத் தலா 100 ஆண்டு சிறை. எந்தக் குடும்பத்துக்கும் தலைவராக இல்லாத ஸ்கோபோவும் அந்த ஏழு பேரில் ஒருவர்.