விறகு ஏன் தானாக எரிவதில்லை?

வணக்கம் சேர்,
நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். கிப்சின் சக்தி மாற்றம் மறையாக இருந்தால் தாக்கம் சுயமாக நடக்கும் என்று படித்தோம். விறகு எரிவதற்கு அது பெரிய மறைப் பெறுமானம். பிறகு ஏன் எங்கள் கொட்டிலில் கிடக்கும் விறகு தானாகப் பற்றுவதில்லை? யூரியாவைத் தண்ணீரில் போட்டால் வாளி குளிர்கிறது. வெப்பத்தை உறிஞ்சுகிற ஒன்று எப்படித் தானாக நடக்கிறது?
ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகளுக்கு,

விறகுக்குப் பதில் சின்னது. கிப்சின் சக்தி திசையைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. தொடங்குவதற்கு வேண்டிய ஏவற்சக்தி கொட்டில் சூட்டில் கிடைக்காது. நெருப்புக்குச்சி கொடுப்பது அதைத்தான்.

யூரியா கரையும்போது வெப்பவுள்ளுறை மாற்றம், அதாவது அது உறிஞ்சும் வெப்பம், நேர்தான். ஆனால் பளிங்கில் அடுக்காக இருந்த மூலக்கூறுகள் நீரில் சிதறுவதால் எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. அந்தக் கூடுதலைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, வெப்பவுள்ளுறை மாற்றத்திலிருந்து கழித்தால் வருவதுதான் கிப்சின் சக்தி மாற்றம்; இங்கே அது மறை.

வெப்பநிலை என்ன செய்யும் என்று பார்க்கச் சுண்ணாம்புச் சூளையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்குடாப் பக்கம் முன்பு முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். (கடலுக்கு அது செய்த கேடு வேறு கதை.) முருகைக்கல் கல்சியம் காபனேற்று. அது உடைய மூலுக்குச் சுமார் 178 கிலோயூல் வெப்பம் வேண்டும். காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுவதால் எந்திரப்பி கெல்வினுக்குச் சுமார் 160 யூல் கூடும். சாதாரண வெப்பநிலையில் கிப்சின் சக்தி மாற்றம் நேர் 130 கிலோயூல் அளவில் நிற்கும். கல் கல்லாகவே கிடக்கும். அந்த மாற்றம் பூச்சியமாகும் வெப்பநிலையை அறிய 178,000ஐ 160ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 1,110 கெல்வின், அதாவது 840 பாகை செல்சியஸ். அதைத் தாண்டினால் குறி மறையாகிவிடும்.

ஆனால் இது காபனீரொட்சைட்டின் அமுக்கம் ஒரு வளிமண்டலமாக இருக்கும்போதுள்ள கணக்கு. சூளைக்குள் காற்று ஓடி வாயுவை அள்ளிக்கொண்டு போனால் இன்னும் குறைந்த சூட்டிலேயே கல் உடையும். காற்றோட்டம் இல்லாத சூளையில் நடுக்கல் வேகாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பும் பாதையும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மறுபடியும் காபனேற்றாகிறது. அங்கே குறி மறைதான். ஆனால் சாந்து முழுதாக இறுக மாதங்கள், தடித்த சுவரென்றால் வருடங்கள்கூட ஆகும்.

அப்புறம் ஒன்று: பரீட்சையில் எந்திரப்பி யூலிலும் வெப்பவுள்ளுறை கிலோயூலிலும் தருவார்கள். ஆயிரத்தால் வகுக்க மறந்துதான் நிறையப் பேர் புள்ளியை விடுகிறார்கள்.