பீலிக்கரையில் உள்ள ஒழுங்கு பஸ் நிலையத்தில் ஏன் இல்லை?

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். போன வாரம் பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் என்னுடைய மாணவன் ஒருவன், சாப்பிட்டு முடித்த சோற்றுப் பார்சலின் பிளாஸ்டிக் தாளை, அந்த லஞ்ச் ஷீட்டை, ஜன்னலால் வெளியே எறிந்தான். சுற்றாடலைப் பாதுகாப்பது பற்றிய வினாவுக்கு முழுப் புள்ளி வாங்கியவன் அவன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பொலிஸைக் கண்டால் மட்டும் தலைக்கவசம் போடுகிறோம், மஞ்சள் கடவை இருக்க அதற்குப் பத்தடி தள்ளிப் பாதையைக் கடக்கிறோம், ஆஸ்பத்திரி வரிசையில் இடையில் நுழைகிறோம். மீரியபெத்தையில் மண் சரியும் என்று முன்கூட்டியே சொல்லியும் நம் மலையகத் தமிழ்ச் சனம் எழும்பிப் போகவில்லை. படிப்பறிவு இல்லாததுதான் காரணமா? அல்லது சட்டத்தை மதிக்கும் குணமே நமக்கு இல்லையா? பஸ்ஸில் நான் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசை மேலேயே வைத்திருந்தேன். படிப்பறிவு இல்லாமைதான் காரணம் என்பதை முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. ஹட்டன் பிரதான வீதியில் வாகனத்தை நடுப்பாதையில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வெளியேறி நகரத்தில் வீடு கட்டிய நம்மவர்களும் அவர்களில் உண்டு. மறுபக்கம், பாடசாலைக்கே போகாத என் பாட்டி பீலிக்கரையில் ஒரு நாளும் முறை தவறியதில்லை. குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலியில் துணி அலசக் கூடாது, குடத்தை வைத்துவிட்டுப் போனாலும் முறை முறைதான், பிள்ளை பெற்ற வீட்டுக்காரி வந்தால் வழிவிட வேண்டும். இவற்றை எவரும் எழுதி ஒட்டவில்லை. மீறியவரைப் பிடிக்க எவரும் நிற்கவுமில்லை. சாவு வீட்டுக்கு உதவும் மரணாதார சங்கத்துக்கு மாதாமாதம் தவறாமல் காசு கட்டுகிற, காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து விரதம் காக்கிற ஒரு சமூகத்துக்கு ஒழுங்கு தெரியாது என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் பீலிக்கரையில் இருக்கும் ஒழுங்கு பஸ் நிலையத்துக்கு வந்தவுடன் எங்கே போய்விடுகிறது? பீலியின் விதியை நாமே வைத்தோம், அதை மீறினால் நமக்குத்தான் தண்ணீர் கெடும் என்பதையும் கண்ணால் கண்டோம். மற்றச் சட்டம் எதுவும் அந்த வழியில் நம்மிடம் வரவில்லை. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால் பழைய தோட்டம் கொடுக்கும் விடுவிப்புச் சீட்டான துண்டு கையில் இருக்க வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை, கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் என்று, விதி என்பது மேலிருந்து இறங்கிவரும் கட்டளையாகவும், அதை மீறாதிருப்பது கங்காணியின் கண் நம் மேல் இருக்கும்வரை மட்டுமேயான காரியமாகவும் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போயிற்று. கண்காணிப்பவர் அகன்றதும் சற்று மூச்சு விடுவதை அந்த வாழ்க்கை நமக்குப் பழக்கிவிட்டது. பொலிஸைக் கண்டதும் தலைக்கவசத்தை மாட்டுகிற இளைஞனிடம் நான் காண்பது அந்தப் பழைய பழக்கத்தைத்தான்.

நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது, மீதி 150,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நீங்கள் வகுப்பில் படிப்பிக்கும் பாடத்தின் பெயரே குடியுரிமைக் கல்வி. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலரின் தாத்தா, பாட்டிக்கு வாழ்நாளின் பாதிவரை அந்தக் குடியுரிமை இருக்கவில்லை. குடிமகனின் கடமை என்ற சொல் அந்த வீடுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மொழியையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தினால் 1987 முதல் தமிழும் ஓர் அரசகரும மொழி. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு முன் நான் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, தமிழில் நான் சொன்னதைக் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் துணிவில்லாமல் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது, என் பெயரால் பதிவான ஒன்றை எனக்கே வாசிக்கத் தெரியவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தனக்கு விளங்காத மொழியில் தண்டப் பத்திரம் கொடுக்கப்படும் முச்சக்கரவண்டிக்காரர், தான் எந்த விதியை மீறினோம் என்பதைவிட, யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்பதையே நினைவில் வைத்துக்கொள்வார்.

மீரியபெத்தையைப் பற்றி நீங்கள் எழுதிய வரி என்னை மிகவும் வருத்தியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தையின் அந்த லயங்களை மண் மூடியது. அங்கிருந்து இடம்பெயரும்படி முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது என்பது உண்மை. ஆனால் எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம்; அது நிற்கும் நிலமும் அதில் குடியிருந்தவர்களுடையதல்ல. மாற்றுக் காணியும் இல்லாமல், வேலையும் அந்த மலையிலேயே இருக்க, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையைப் பூட்டிவிட்டுப் போகச் சொல்வது நிறைவேற்ற முடியாத கட்டளை. பிற்பாடு வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுக்கப்பட்டபோது, எஞ்சியவர்கள் போய்க் குடியேறினார்கள். ஆகவே அதை எச்சரிக்கையை மதிக்காத சனத்தின் கதையாக உங்கள் மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கீழ்ப்படிவதற்கு வழியில்லாதவரின் நிலையும், வழியிருந்தும் கீழ்ப்படியாதவரின் நிலையும் வேறு வேறானவை.

குப்பை விடயத்திலும் இந்த இரண்டும் கலந்தே கிடக்கின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை லயத்துக் குப்பையை எடுக்க உழவு இயந்திரம் வராது; கழிவுநீர் ஓடும் கான்தான் குப்பைத் தொட்டி. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் அதே காலத்தில் ஆறாகப் பிரிக்கப்பட்டன. சபை பக்கத்தில் வந்துவிட்டது. ஆனாலும் சபை நம்முடையது என்ற எண்ணம் இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவையும் சொன்னது வரலாற்றின் பின்னால் ஒளிந்துகொள்வதற்காக அல்ல. அநீதியான சட்டத்தை எதிர்க்க நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. குடியுரிமை பறிபோனதற்கு எதிராக இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தது. பகலில், பலர் பார்க்க, விளைவை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருட்டில் ஓயாவுக்குள், அதாவது ஆற்றுக்குள், குப்பைப் பையை எறிந்துவிட்டு வருவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும் பங்கு அங்கிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த ஓயாக்களின் கரையில் வாழ்கிறவர்களுக்குப் பீலியின் விதி தெரியும். பீலியைவிட ஓயா பெரியது என்பதற்காக அந்த விதி மாறிவிடாது. நமக்கு இழைக்கப்பட்ட அநீதி, கீழே இருப்பவரின் தண்ணீரைக் கெடுக்கும் உரிமையை நமக்குத் தரவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் லஞ்ச் ஷீட். அதை உற்பத்தி செய்வதும் விற்பதும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டன. அப்படியிருந்தும் அது உற்பத்தியாகி, கடைக்கு வந்து, சோற்றைச் சுற்றிக்கொண்டு அவன் கைக்கு வந்திருக்கிறது. அவனுக்கு முன்னால் எத்தனையோ பெரியவர்கள் அந்தத் தடையைத் தாண்டி வந்துவிட்டார்கள். ஜன்னலால் எறிந்தவன் அந்த வரிசையில் கடைசி ஆள். இதையும் வகுப்பில் பேசுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டத்தின் கீழ், தம்முடைய பிரிவில் குப்பை எந்தெந்த நாளில் எடுக்கப்படுகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று பிரதேச சபையிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். உங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தை எழுதக் கற்றுக்கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், சட்டம் என்பது தாமும் கையில் எடுத்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒன்று என்பதை அவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக அறிந்துகொள்வார்கள்.

ஆம், பஸ்ஸில் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் ஏச வேண்டியதில்லை; அது மறுபடியும் கங்காணியின் வேலையாகிவிடும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக ஒன்று கேட்டிருக்கலாம். நம் நகரங்களில் விடிவதற்கு முன் வீதி கூட்டுகிறவர்களில் பலர் நம் மக்கள்தான் என்பதை நீங்களும் அறிவீர்கள். அந்தத் தாளை நாளைக் காலையில் குனிந்து பொறுக்கப் போகிறவர் யார் தம்பி என்று அவனிடம் கேளுங்கள். ஒருவேளை அவனுக்கு அவருடைய பெயரே தெரிந்திருக்கும்.